எடை மேடை

ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும் என்பார்கள்.
அந்த வண்டிக்கு எத்தனை அச்சு வேண்டுமென்று
யாரும் சொல்லிவைத்ததில்லை.
அதைச் சொல்லத்தான் எனக்குச் சம்பளம்:
தண்டர் பே நகரின் மேற்கு விளிம்பு,
ரயில்பாதைக்கு இப்பால்,
டிரெய்லர்கள் மூக்கைத் தரையில் குத்திக் கிடக்கும் முற்றம்.

படகின் எடையைக் கேட்டால்
எல்லோரும் குறைத்தேதான் சொல்கிறார்கள்,
வயதைப் போல.
கடனைப் போல என்றும் சொல்லலாம்.

ஹில்க்கா சொன்னது மூவாயிரத்துத் தொள்ளாயிரம் கிலோ.
கையில் படகுக் கம்பெனியின் பழைய மடிப்புத்தாள்,
அதில் நீல நீச்சலுடையில் யாரோ சிரிக்கிறாள்.
"இரண்டு அச்சு போதும்.
பிரின்ஸ் ரூப்பர்ட் வரைக்கும்தானே."

வரைக்கும்தானே!
மூவாயிரத்து நானூறு கிலோமீட்டர்.
பாதி வழி புல்வெளி, பக்கக்காற்று.
அதைத் தாண்டினால் மலை.

எய்னோ பின்னால் நின்று டயரை உதைத்துக்கொண்டிருந்தான்.
பேச எதுவும் இல்லாதவர்கள் டயரை உதைப்பார்கள்.

நான் சொன்னேன்:
நாலு சக்கரத்தில் ஒன்று வெடித்தால்
மிச்சம் மூன்றும் அதன் பாரத்தைச் சுமந்து சாகும்.
உருளைகள் வேண்டாம், வயிறு அமுங்கும்.
அடிக்கட்டை பலகையில் உட்காரட்டும்,
பக்கத்துத் தாங்கிகள் சாயாமல் பிடிக்க மட்டும்.
முட்டினால்தான் பிடிக்கும் பிரேக் ஏரிக்கரைக்குச் சரி,
ராக்கி மலை இறக்கத்துக்கு ஆகாது.

"நன்றாக விற்கிறாய்" என்றாள்.
பாராட்டு இல்லை அது.

இரவல் டிரெய்லரில் ஏற்றி
சரளைக் குவாரியின் எடை மேடைக்குப் போனோம்.
டிரெய்லரைக் கழித்து
ஐயாயிரத்து முந்நூற்றுப் பத்து.

"உங்கள் மேடை பொய் சொல்கிறது."

மறுநாள் அக்டோபர்த் தூறலில் படகைக் காலி செய்தார்கள்.
பாதித் தொட்டித் தண்ணீர்.
அறுபது மீட்டர் சங்கிலி.
பட்டாணி சூப் டப்பாக்கள், எண்ணுவதை விட்டுவிட்டேன்.
நங்கூரம், இன்னொரு நங்கூரம்,
ஒரு தையல் இயந்திரம்.
ஒவ்வொன்றையும் காகிதத்தில் கூட்டிக்கொண்டே வந்தாள்,
கணக்கு இடித்தது.

பிறகு அவள் படுக்கைப் பலகையின் அடியில்
கம்பளிக் காலுறைகள், வாய் கட்டியவை.
ஒவ்வொன்றுக்குள்ளும் ஈயக்கட்டி.

"என்ன இது?"

எய்னோ உதைப்பதை நிறுத்தினான்.
"உன் பக்கம்."

"அது தெரிகிறது."

"நான் உன்னைவிட முப்பத்தெட்டு கிலோ கூட.
படகு என் பக்கம் சாய்ந்தது.
முதல் கோடை முழுக்கக் காபி சிந்திக்கொண்டே இருந்தாய்."

பதினோரு கோடை.
மேசையில் முட்டை வைத்தால் உருளாது என்று
அந்தப் படகைச் செய்தவனை
பார்த்தவரிடமெல்லாம் புகழ்ந்திருக்கிறாள்.

நான் தலையைத் திருப்பி
சரியாகவே சுற்றியிருந்த வின்ச் கயிற்றை
அவிழ்த்து மறுபடி சுற்றினேன்.
அவள் ஒரு காலுறையைக் கையில் வைத்து
வெகுநேரம் நிறுத்துக்கொண்டிருந்தாள்.

"மூன்று அச்சுக்கு என்ன விலை சொன்னாய்?"

"ஈயத்தை எடுத்துவிட்டால்..."

"விலையைக் கேட்டேன்."

சங்கிலியும் சூப்பும் போதும் மூன்றாம் அச்சைக் கேட்க.
முப்பத்தெட்டு கிலோ அதில் ஒன்றுமே இல்லை.
அதை நான் சொல்லவில்லை.

அகலம் சட்டத்தை மீறியதால் அனுமதிச்சீட்டு,
பகலில் மட்டும் பயணம், நாலு மூலையிலும் சிவப்புத் துணி.
நிற்கிற இடமெல்லாம் சக்கரக் குடத்தில்
உள்ளங்கையை வைத்துப் பாருங்கள் என்றேன்.
பத்து எண்ணும்வரை தாங்கினால் போகலாம்.

ஐந்தாம் நாள் ஹின்டனிலிருந்து போன்.
"இடப்பக்கம் மூன்றும் அவன், வலப்பக்கம் மூன்றும் நான்.
என் நடுச்சக்கரம் எட்டிலேயே சுடுகிறது."

கிரீஸ் அடிக்கச் சொன்னேன்.
லாரிகள் கடக்கும் இரைச்சல்.

"அவன் பக்கம்?"

"பத்து என்கிறான்.
இரு, நானே போய் வைத்துப் பார்க்கிறேன்."