மாசி மாதத்து இரவுப் பணி

ஆறரைக்கு நாற்பத்தெட்டு.
ஏழேகாலுக்கு ஐம்பத்தொன்று.
வெயில் போன பிறகு எதற்கு ஏறுகிறாய்
என்று திரையைக் கேட்டேன்.

தலைக்கு மேல் ஒரு சதுர மீட்டர் தூணுக்குள்
எத்தனை எலக்ட்ரான் என்பதுதான் கணக்கு.
ஓர் அலகு என்றால் நூறு கோடி கோடி.
சம்பளம் எண்ணுகிற விரலுக்கு
இது எட்டாது.

கிருஷ்ணாபுரத்தில் காந்த ஊசியைத் தொங்கவிட்டால்
ஏறக்குறைய தலை குனியாது.
வடக்கே பணியாது, தெற்கேயும் பணியாது.
'நம்ம ஊர்ப் பொம்பளைய மாதிரி' என்பார் சேர்மக்கனி.
அந்தக் குனியாமையைப் பிடித்துக்கொண்டுதான்
அந்தியில் மேலடுக்கு மேலும் எழும்புகிறது.

எட்டரைக்குக் குமிழி.
மேலே கனம், அடியில் லேசு,
எவ்வளவு நேரம்தான் பொறுக்கும்?
வெறுமை கீழிருந்து பிய்த்துக்கொண்டு ஏறி
மெல்லக் கிழக்கே நகர்ந்தது.
செயற்கைக்கோள்கள் ஒவ்வொன்றாய்த் திக்கின.

உவரிக் கடலிலிருந்து கொழுந்தன் சந்தியாகு:
'மைனி, படகு நின்ன எடத்துலதான் நிக்கு.
இந்தப் பெட்டி ஓடுதுங்குது.'
'பதினோரு மணிக்குச் சரியாவும். அதுவரைக்கும் அதை நம்பாத.'
'அங்க இருந்துக்கிட்டு என் படகு தெரியுதா?'
'படகைப் பாக்கல. ஒனக்கு மேல பாக்கேன்.'

பிறகு குறைவது மட்டும்தான்.
இருபது. பதினான்கு. ஒன்பது.
இருட்டு எதையும் எடுத்துப் போவதில்லை.
வெயில் பிரித்துப் போட்டவை
ஒன்றையொன்று தேடிச் சேர்ந்துகொள்கின்றன.
அதை நாங்கள் இழப்பு என்று பதிகிறோம்.

ஒன்றரைக்குத் திடீரெனப் பன்னிரண்டு.
சூரியன் இல்லை, காந்தப் புயலும் இல்லை.
குறிப்புப் பத்தியில் 'காரணம் தெரியவில்லை' என்று எழுதினேன்.
சேர்மக்கனி காலையில் அதை அடிப்பார்,
'சரிபார்க்கவும்' என்று திருத்துவார்.
நாளைக்கும் நான் தெரியவில்லை என்றே எழுதுவேன்.

நாலே முக்காலுக்கு மூன்று.
ஒரு வானத்துக்கு இவ்வளவு போதுமா?
மின்விசிறிச் சத்தம். வேலிக்கு அப்பால் ஒரு மயில்.
'சரியாயிட்டு மைனி, நாலு பெட்டி சாளை'
என்று எப்போதோ வந்திருந்த செய்தி.

ஐந்து இருபத்தைந்துக்கு நாலரை.
வெளியே வந்து பார்த்தேன்.
கிழக்கே ஒரு கீறல்கூட வெளுக்கவில்லை.
முந்நூறு கிலோமீட்டர் உயரத்தில்
விடிந்துவிட்டிருந்தது.

யாரையும் எழுப்பவில்லை.
எண்ணை எழுதிவிட்டு
டீ போடப் போனேன்.