உப்பிட்டவர்

காலை ஐந்தே முக்கால்.
ஹேல்ஸ்டன் ஊரின் விளிம்பில்
சோளத்தட்டைகள் பனிக்கு மேல் தலை நீட்டும் வயலோரம்
ஏழாம் எண் கிணற்றின் மூடியைத் திறக்கிறேன்.
கிணறென்றால் துலாவில்லை, கப்பியில்லை, தவளையுமில்லை.
உள்ளங்கை அகல இரும்புக் குழாய்.
நாடாவை இறக்கினால்
முப்பத்தொரு மீட்டர் நாற்பதில்
பீப் என்கிறது.
இருக்கிறேன் என்கிறது.

போத்தலில் பிடித்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புவேன்.
லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் குளோரைடு:
நான் வேலைக்குச் சேர்ந்த ஆண்டு ஐம்பத்திரண்டு.
போன ஆண்டு நூற்றுப் பதினெட்டு.
இப்போது நூற்று முப்பத்தொன்று.
இருநூற்றைம்பதில் நாக்கே கண்டுபிடித்துவிடும்.
யாரும் நஞ்சு வைக்கவில்லை.
ஒருவரும் வழுக்கி விழக் கூடாதென்று
பள்ளி வாசலில், வங்கி வாசலில், தேவாலய வாசலில்
நல்ல மனதோடு தூவிய உப்பு
வசந்தந்தோறும் உருகி
கூழாங்கற்களிடம் வழி கேட்டு வழி கேட்டு
இறங்கி வந்திருக்கிறது.

இந்த வயலில்தான் வணிக வளாகம் வருகிறதாம்.
சூப்பர் மார்க்கெட், மருந்துக்கடை, பெட்ரோல் நிலையம்,
நானூற்றுப் பன்னிரண்டு கார்கள் நிற்கத் தார்த்தரை.
குளிர்காலம் முழுக்க அதற்கும் உப்பு.
விண்ணப்பதாரர் தயாளேந்திரன்
மெல்லிய சப்பாத்தோடு பனியில் நின்று
“தம்பி, நீங்கள் எங்கட ஆள்தானே” என்றார்.
ஓம் அண்ணை, தண்ணியும் எங்கட ஆள்தான் என்ற பதில்
எனக்குத் தோன்றியது
வீட்டில், பல் துலக்கும்போது.

ஹாக்கி அரங்கின் மாடியில் கூட்டம்.
கீழே பிள்ளைகள் பலகையில் மோதும் சத்தம்
மேலே ஒவ்வொரு வாக்கியத்தையும் பாதியில் முடித்தது.
மார்லீன் ஃபோத், இடுப்பில் குழந்தையோடு:
“இருந்த ஒரே மளிகைக்கடையும் மூடி இரண்டு வருடம்.
பாலுக்கு நாற்பது நிமிடம் ஓட்டுகிறேன்.
உங்கள் கிணறு பால் தருமா?”
டெரெக் ஹைன்ஸ், தொப்பியைக் கழற்றாமலே:
“பால் தரும் மாடு குடிப்பது அந்தக் கிணற்றைத்தான்.”
இரண்டும் சரி.
அதனால்தான் எனக்குத் தொண்டை வறண்டது.
மேசையில் வைத்திருந்த தண்ணீரைக் குடித்தேன்.
எல்லோரும் நான் குடிப்பதைப் பார்த்தார்கள்.

ஆமா, இல்லையா, ஒரே சொல்லில் என்றார் மேயர்.
என்னிடம் சொல் இல்லை, வரைபடம் இருந்தது.
இங்கே விழும் துளி ஊர்க்குழாயைத் தொட
எத்தனை ஆண்டென்று வட்டம் வட்டமாக.
இரண்டாண்டு வட்டம் கடைக்கு உள்ளேயே போகிறது,
பாண் அடுக்குக்கும் இறைச்சிப் பெட்டிக்கும் நடுவில்.
நிலம் நிச்சயம் பதில் சொல்லும், ஐயா,
ஆனால் உங்கள் பதவிக்காலத்துக்குள் அல்ல.
சிலர் சிரித்தார்கள். மேயர் சிரிக்கவில்லை.

நான் சொல்லாமல் விட்டது:
ஊரில் மருந்தாளராக இருந்த சாருமதி
இங்கே இரவு முழுக்கக் கோழி வெட்டுகிறாள்.
உரிமம் கைக்கு வந்துவிட்டது, கடைதான் வரவில்லை.
மருந்துக்கடை என்ற கட்டத்தின் மேல்
என் விரல்
கொஞ்ச நேரம் கூடுதலாக நின்றது.

நான்காம் கூட்டத்தில் ஒருவழியாக முடிந்தது.
பெட்ரோல் நிலையம் இல்லை.
கார்கள் இருநூற்று அறுபது.
தரைக்கடியில் களிமண் விரிப்பு,
பனி உருகும் நீருக்குத் தனிக்குழாய்.
லாபம் போச்சு என்றார் தயாளேந்திரன்.
கிணறு போச்சு என்றார் ஹைன்ஸ்.
கைதட்டல் கேட்டது, கீழே,
யாரோ கோல் போட்டதற்கு.

இன்றிரவு உறைமழை.
வாசற்படிகள் கண்ணாடியாகிக் கிடக்கின்றன.
ஐந்து மணிக்கு அவள் வருவாள்,
கால் மரத்து, கண் பாதி மூடி.
உப்பு வாளிக்குள் கைவிட்டு
ஒரு பிடி அள்ளுகிறேன்.
பாதியைத் திரும்பப் போடுகிறேன்.
மிச்சத்தை மூன்று படிக்கும் பங்கிடுகிறேன்.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை.
நினைக்கும்,
முப்பத்தொரு மீட்டர் ஆழத்தில்
என் பெயரையும் சேர்த்து.

மூன்றாம் படிக்குப் போதாது போலிருக்கிறது.
இன்னும் ஒரு சிட்டிகை.