வசம்பின் திக்குவாய்

மசூரிய ஏரிகளில் ஆகஸ்ட்.
படகோட்டி செஸ்வாவ் துடுப்பை நிறுத்தினால்
யாத்விகா குனிந்து ஓர் இலை கிள்ளுவாள்.
கசக்கி முகர்வாள். வசம்புதான்.
பூ உதிர்ந்த ஐரிஸும் பக்கத்திலேயே
அதே வாளை உருவிக்கொண்டு நிற்கும்,
அதற்கு வாசம் கிடையாது.
காலித் தேயிலைப் பைக்குள் இலைத்துண்டு,
சுற்றிலும் சிலிக்கா மணிகள்,
மேலே பென்சிலால் ஓர் எண்.
பதினொரு ஏரி, தொண்ணூற்றாறு பை.

செஸ்வாவ் ஒரு கதை வைத்திருந்தான்:
தாத்தாரியக் குதிரைவீரர்கள்
வழியில் கண்ட நீரிலெல்லாம் ஒரு கிழங்கை எறிவார்களாம்.
முளைத்தால் குதிரை குடிக்கலாம்.
"முளைக்கிறவரைக்கும் குதிரை தாகத்தோடு நிற்குமா?"
"அது அடுத்த படையெடுப்புக் குதிரைக்கு"
என்றான், சிரிக்காமல்.

ஓல்ஸ்டின் நகரத்து ஆய்வகம்.
உறைபெட்டியின் ஓயாத முனகல்.
திரவ நைட்ரஜனில் இலை கண்ணாடியாய் நொறுங்கும்.
அவள் தேடியது
மணத்தைச் செய்யும் மரபணுவை அல்ல,
கசப்பைச் செய்வதையும் அல்ல.
சிஏ சிஏ சிஏ சிஏ என்று
டிஎன்ஏ திக்கி நிற்கிற இடங்களை.
ஒரு செடி பதினான்கு முறை திக்கும்,
இன்னொன்று பதினேழு.
எத்தனை முறை என்பதே அடையாளம்.
ஐம்பத்திரண்டு குறிப்பான்கள் வடிவமைத்தாள்,
தேறியவை ஒன்பது.

தமிழில்
குழந்தைக்குப் பேச்சு திருந்த
சுட்டு உரைத்து நாவில் தடவுவது இதைத்தான்.
இருட்டிய பிறகு கடையில் கேட்டால்
பேர்சொல்லாதது என்றுதான் கேட்க வேண்டும்.
அந்த மருந்துக்கே இப்படியொரு திக்குவாய்
என்று அவளிடம் யார் போய்ச் சொல்வது.

முடிவு ஒரு வெள்ளிக்கிழமை மாலை திரையில் வந்தது.
மூன்று முகடுகள்:
பதினான்கு, பதினேழு, இருபத்தொன்று.
அடுத்த செடி, அதே.
அடுத்த ஏரி, அதே.
பேராசிரியர் ஓல்கியெர்த் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"ஒரே குழாயை எல்லாவற்றிலும் ஊற்றிவிட்டாயா?"
அவள் பதில் சொல்லவில்லை.
புதுக் கையுறை, புதுக் கரைசல், புது இலைத்துண்டு.
மூன்று வாரம்.
அதே மூன்று முகடு.

பிறகுதான் ஒப்புக்கொண்டார்கள்,
ஏரிதோறும் நிற்பது கூட்டம் அல்ல, ஒருத்தி.
குரோமோசோம் மும்மூன்றாய். பூப்பாள், விதைக்கமாட்டாள்.
ஒடிந்த கிழங்கு வெள்ளத்தில் மிதந்து
வாத்துக்காலில் இடறி, வலையில் சிக்கி
நானூறு ஆண்டுக்கும் மேலாகத்
தன்னைத் தானே நட்டுக்கொண்டு போனவள்.
வேறுபாட்டை அளக்க அளவுகோல் செய்து முடித்தாள் யாத்விகா.
அளக்கத்தான் ஒன்றுமில்லை,

அறுபத்தொன்றைத் தவிர.
அதன் கடைசி முகடு இருபத்திரண்டில்.
ஒரே ஒரு திக்கல் கூடுதல்.
மறுபடி ஓட்டினாள். கூடுதல்தான்.
குறிப்பேட்டில் அறுபத்தொன்றுக்கு நேரே:
உடைந்த படித்துறை. மழை. செஸ்வாவுக்கு விடாத தும்மல்.

திரும்பிப் போக வாய்த்தபோது பெந்தெகொஸ்தே வாரம்.
படித்துறையோரம்
அரிவாள் பட்ட அடித்தண்டுகள், வெளுப்பாய், இன்னும் ஈரமாய்.
அந்தப் பண்டிகைக்கு அங்கே
வீட்டுத் தரையெல்லாம் வசம்பிலை பரப்புவார்கள்.
"கிழங்கு தண்ணிக்குள்ளதானே இருக்கு" என்றான் செஸ்வாவ்.
இருந்தது. தோள்வரை சேற்றில் கையை விட்டாள்.
ஒன்றுக்குள் ஒன்று பின்னிய கணுக்கள்,
இருபத்தொன்றும் இருபத்திரண்டும்
விரலுக்கு ஒன்றுபோலவே தட்டுப்பட்டன.
ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு கிள்ளிக்கொண்டாள்.

மேட்டில் முதல் வீடு கெனோவெஃபாவுடையது.
"செருப்போடயே வா, மிதிக்கத்தானே போட்டது."
அவள் செருப்பைக் கழற்றினாள்.
ஒவ்வோர் அடிக்கும் மணம் கிளம்பியது.
பையில் மிச்சம் நான்கு தேயிலைப் பைகள்.
அடுப்பருகே ஒன்று, வாசற்படியில் ஒன்று,
மேசைக்கடியில், தொட்டிலுக்கடியில்.
மண்டியிட்டுத் தவழ்கிறவளைப் பார்த்துக்
கெனோவெஃபாவும் குனிந்து இலைகளை விலக்கத் தொடங்கினாள்,
"எந்தக் காதுக் கம்மல்?" என்று கேட்டபடி.