ஈரக் கழிவு

சம்மாந்துறை ஆலையில்
நெல் நிறுக்கிற ஆள் நான்.
மூட்டைக்கு ரெண்டு கிலோ ஈரத்துக்குக் கழிப்பேன்.
கொண்டு வந்தவர் முறைப்பார்.
ஒரு நெல்லைக் கடித்துவிட்டுச் சொல்வேன்:
"காயல்ல காக்கா."

போன செவ்வாய் என்னைத் தராசில் ஏற்றினார்கள்.
ஆசுபத்திரித் தராசு.
செருப்பைக் கழற்றியும் எண்பத்தொன்பது.
சாரனுக்குக் கழிவு கேட்டேன்,
யாரும் சிரிக்கவில்லை.
சீனி இருநூற்றுப் பன்னிரண்டு.

தயாநிதி மிஸ்ஸி
கிளினிக் கொப்பியின் பின்னட்டையில்
ஒரு வட்டம் கீறினா.
நடுவே ஒரு கோடு:
அரைவாசி இலைக்கறி, மரக்கறி.
மற்றப் பாதியைப் பிளந்து
கால் பங்கு மீன், பருப்பு.
கால் பங்கு சோறு.

கால் பங்கு!
நாளுக்கு முன்னூறு மூட்டை
என் கைக்கூடாகப் போகுது மிஸ்ஸி.
எங்கள் ஊரில் சாப்பிட்டியா என்று கேட்பதில்லை,
சோறு திண்டியா என்றுதான்.

"அப்ப ஈரத்துக்குக் கழிக்கிற மாதிரிக்
கழியுங்க" என்றா.
தீட்டாத சிவப்பரிசி நல்லதாம்.
அரிசி வெளுக்கவென்று
நாங்கள் உரித்து
மாட்டுக்கு விற்கிற தவிட்டை
எனக்குத் தின்னச் சொல்றா.

ஹாஜறா கோப்பையில் கோடு போட்டுப் பரிமாறினாள்.
முருங்கையிலைச் சுண்டல் ஒரு குன்று,
குறிஞ்சாச் சம்பல், கீரிமீன் ஆணம்,
ஓரத்தில் சோறு,
கடன் கேட்டு வந்தவனைப் போல.
மூன்று நாள் அவளோடு பேசவில்லை.
நாலாம் நாள்
ஆலைப் படியேற மூச்சு வாங்காததை
அவளிடம் சொல்லாமல் விட்டேன்.

வெள்ளிக்கிழமை மருதமுனையில் கலியாணம்.
ஆறு பேருக்கு ஒரு சஹன்.
எந்தக் கோட்டை எங்கே போடுவது?
பிஸ்மி சொல்லிக் கை வைத்தேன்,
கை தானாகக் கெக்கரிக்காய்ச் சம்பலுக்குப் போனது.
அங்கே ஏற்கனவே நாலு கை.
மீராலெவ்வை என்னைப் பார்த்தார்.
லொறிக்கார றிஸ்மி, முப்பத்தி நாலு வயசு,
தலையைக் குனிந்தான்.
ஆறு பேர், ஆறு கொப்பி.
நடுவில் சோற்று மலை
ஒரு பக்கமும் சரியாமல்.

பெண்ணின் வாப்பா ஓடி வந்தார்.
"சோறு பிழையா?"
"நல்ல சோறு.
கழிவு போட்டிருக்கம்" என்றேன்.
றிஸ்மிக்குப் புரையேறியது.

கண்ணால் நிறுத்தேன்:
மிச்சம் ஒன்றரைக் கிலோ.

பிறகு வட்டிலப்பம் வந்தது.
அதைப் பற்றி
மிஸ்ஸியிடம் சொல்லப் போவதில்லை.