படிவம், பக்கம் ஒன்பது

உலான்பாத்தரின் வடக்கு மேடு. மைனஸ் முப்பத்தொன்று.
நகரத் திட்டம் நிறைவேறியதா என்று
பார்த்துவர அனுப்பியிருக்கிறார்கள்.

வரைபடத்தில் இங்கே பூங்கா.
நாற்பது மரம். பச்சை.
மேலே 'பணி முடிந்தது' முத்திரை.

செர்மா கூடாரக் கதவைத் திறந்தாள்.
நிலக்கரிப் புகை முதலில் வந்தது, பிறகு நாய்.
வரைபடத்தை வாங்கித் தலைகீழாகப் பிடித்து,
திருப்பி,
ஒரு பச்சை வட்டத்தில் விரல் வைத்தாள்.
"இந்த மரம் நான்.
அது என் மகன். அந்தப் பக்கம்
தண்ணீர் வண்டிக்கு நிற்கிற ஏழு பேர்."

ஆலோசனைக் கூட்டம் நடந்ததா என்றேன்.
"மரத்தை யார் கூப்பிடுவார்கள்?"

பேனாவில் மை உறைந்திருந்தது.
அடுப்பருகே காட்டச் சொன்னாள்.
உருகி,
ஆமுக்கும் இல்லைக்கும் நடுவே
ஒரு சொட்டு விழுந்து பரவியது.

அலுவலகத்தில் அதை
ஆம் என்றே எண்ணினார்கள்.