பதின்மூன்று ஏ

படிவம் ஐந்து. இருபத்தேழு கலைச்சொற்கள்.
மிஸஸ் கோர் எழுதி முடிக்குமுன்
மார்க்கர் வறண்டது.
கடைசிச் சொற்கள் வெண்பலகையில்
கீச்சொலியாக மட்டும் வந்தன.
காகிதப் பெட்டி ஒன்றை வெட்டி
சொல்லுக்கு ஓர் அட்டை செய்தேன்.
முன்பக்கம் சொல், பின்பக்கம் பொருள்,
மூலையில் நாசி லெமாக் சம்பலின் எண்ணெய்.

காலை ஆறு நாற்பதுக்கு
பள்ளிச் சீருடையில் நான் இறங்கக் காத்திருப்பேன்.
மின்தூக்கி திறந்தால் உள்ளே அக்கா,
பாயான் லெப்பாஸில் இரவு ஷிப்ட் முடித்து
கண்ணில் மட்டும் இன்னும் வேலையோடு.
வெளியே வர மாட்டாள். "ஏறு," என்பாள்.
எனக்காக இன்னொரு தடவை கீழே வருவாள்.
மாடிக்கு மாடி நின்றால் மூன்று அட்டை,
நிற்காமல் போனால் ஒன்று.

அவள் வேலை உருப்பெருக்கியின் அடியில்
சிப்புகளின் கால்களைப் பார்ப்பது.
ஒரு கால் வளைந்தாலும் ரிஜெக்ட்.
சிமிலியையும் மெட்டஃபரையும்
அதே கண்ணால் பார்த்தாள்.
"போல வந்தா உவமை. வராட்டி உருவகம்.
ஒரு கால்தானே வித்தியாசம்?
இதுக்கா ஒரு வாரப் பாடம்?"

பெர்சோனிஃபிகேஷனுக்கு என் உதாரணம்:
மின்தூக்கி பெருமூச்சு விட்டது.
"மூச்சா? கேபிளுக்குக் கிரீஸ் இல்ல லா."
ரிஜெக்ட்.

ஐரனிக்கு,
ரெலாவில் எங்கள் அடுக்ககத்தின் பெயர் டேசா மெலாத்தி.
டேசா கிராமம். மெலாத்தி மல்லிகை.
இருபது மாடி, ஒரே ஒரு பூந்தொட்டி,
அதில் நட்டுவைத்த சிகரெட் துண்டுகள்.
அக்கா எட்டாம் மாடிவரை யோசித்தாள்.
"இது ஐரனி இல்ல. டெவலப்பர் சொன்ன பொய்."
மிஸஸ் கோரிடம் கேட்டேன்.
சிரித்துவிட்டு, இரண்டும்தான் என்றார்.
அதை அக்காவிடம் நான் சொல்லவில்லை.

பத்தொன்பதாவது அட்டை யூஃபமிசம்.
சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில்
மங்கலம் என்ற பெயரில் முன்பே பழக்கம்.
செத்தார் என்னாமல்
காலமானார் என்பது.
அட்டையை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.
கையில் பிளாஸ்டிக் பை. உள்ளே
அவள் குவளை, நீலக் காலணி,
லாக்கர் பூட்டு, ஒரு கடிதம்.
"லைன மூடுறாங்க."

கடிதத்தில் மூடுவது என்ற சொல்லே இல்லை.
அன்புள்ள தேவமலர், உங்களை விடுவிக்கிறோம்
என்றிருந்தது,
கூண்டைத் திறந்துவிட்டவர்கள் போல.
"போல வந்துடுச்சு" என்பாள் என்று
முகத்தைப் பார்த்தேன்.
ஐந்து வருடத்துக்கு இவ்வளவு ரிங்கிட்
என்ற வரி மட்டும்
எந்த அணியும் இல்லாமல் நின்றது.

மறுநாள் ஆறு நாற்பது.
மின்தூக்கி காலியாக வந்தது.
ஏறினேன். மூடப்போன கதவிடுக்கில் ஒரு கை.
பாத்தேக் கைலியோடு, தலை வாராமல்
வீட்டிலிருந்து ஓடி வந்திருந்தாள்.
"அந்தப் பத்தொன்பது பாக்கி."

பொருள் சொன்னேன். உதாரணம் கேட்டாள்.
ஒன்று தெரியும்.
நாக்கு வரவில்லை.
அவளே பொத்தான்களைக் காட்டினாள்.
மூன்று. மூன்று ஏ. ஐந்து.
பன்னிரண்டு. பதின்மூன்று. பதின்மூன்று ஏ.
நான்கு என்றால் சீனத்தில்
சாவின் ஓசை வருமாம்.
அதனால் இங்கே யாரும் நான்காம் மாடியில் இல்லை.
பத்து வருடமாகப் பதினாலில் குடியிருக்கிறோம்,
ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

"பாஸா?" என்றாள்.
திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
ஒரு கால்கூட வளையவில்லை.

தரைத்தளம். நான் இறங்கினேன்.
அவள் எங்கள் மாடிப் பொத்தானை
இரண்டு தடவை அழுத்தினாள்.
ஒரு தடவை அழுத்தினால்
அது எரியாது.