இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே

ஏன் விற்கிறாய் என்ற முதல் ஆளிடம்
ஊருக்குப் போகிறேன் என்றேன்.
இரண்டாம் ஆளிடம் முதுகுவலி.
மூன்றாவது ஆள் காரணம் கேட்கவில்லை,
எழுநூறு ரியாலுக்குத் தருவாயா என்றான்.
போனை வைத்துவிட்டேன்.

ஹைதம் நேரில் வந்தான்.
வாதி கபீரில் வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து
ஷட்டர்கள் பாதி ஏறிய நேரம்.
வெள்ளைத் திஷ்தாஷாவைச் சுருட்டிக்கொண்டு
தரையில் குந்தி, செயினைத் தொட்டு
விரலை முகர்ந்தான்.
அப்போதே தெரிந்தது, இவன் வாங்கிவிடுவான்.

நான் குறைகளிலிருந்து தொடங்கினேன்.
சேஸிஸ் ஒன்றுதான் ஒழுங்கு,
முல்க்கியாவில் இருப்பது அதன் எண்.
முன்ஃபோர்க் சீப் பக்கம் மோதிச் செத்த ஒரு சுசுகியுடையது.
பின்சக்கரம் ஷார்ஜாவிலிருந்து பஸ்ஸில் வந்தது,
டிக்கெட் இல்லாமல், என் மச்சான் மடியில்.
டாங்க் சியால்கோட் இஃப்திகார் கையால் அடித்தது,
இடப்பக்கம் அரை விரல்கடை புடைப்பு இருக்கும்,
அன்று அவனுக்குப் பல்வலி.
எக்ஸாஸ்ட் என்னுடையது.
பர்காவில் கடலைக் குடிநீராக்கும் ஆலைக்கு
வெட்டியது போக மிஞ்சிய குழாய்.
ஃபோர்மேனுக்குத் தெரியும். தெரியாத மாதிரி
ஒருநாள் வந்து நின்றுவிட்டு
'வளைவில் இன்னொரு பற்று வை' என்று போனார்.

அப்புறம் ஒன்று.
இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே
சிலநேரம் கியர் எங்கும் விழாது.
எஞ்சின் கத்தும், வண்டி போகாது.
பயப்படாதே. காலை மறுபடி தூக்கு.
என் இந்தி அவனுக்கும் அவன் அரபி எனக்கும்
முக்கால்வாசிதான். தலையாட்டினான்.

காருக்குள் போய் ஜீன்ஸுக்கு மாறி வந்தான்.
கார் சாவியையும் பத்தாக்காவையும் என் கையில் வைத்தான்.
பத்து நிமிடம் என்றான்.

இருபது ஆயிற்று.
'அவன் கார் நம்மகிட்ட இருக்கு,
வரலைன்னா லாபம்தான்' என்றான் அருள்சீலன்.
டீயில் ஆடை கட்டியது.

பிறகு அல் புஸ்தான் ஏற்றத்தில் அது கேட்டது.

மூன்று வருட வெள்ளிக்கிழமைகள்,
ஒருமுறைகூட நான் அதை வெளியிலிருந்து கேட்டதில்லை.
ஸ்டாண்டில் நிறுத்தி முறுக்கிப் பார்ப்பது வேறு.
ஓடும்போதெல்லாம் நான் மேலே இருந்தேன்,
காதில் காற்று, பஞ்சு, என் மூச்சு.
இப்போது மலைக்கு அந்தப் பக்கமிருந்து
காடாத்துணி கிழிவதுபோல் ஆரம்பித்து
பாறையில் பட்டு இரண்டாகி
இறங்கி வந்தது.
இரண்டாம் கியர்.
செருப்புக்குள் என் இடக்கால் பெருவிரல் தானாக எழுந்தது.
இப்போது. இப்போது மாற்று.
அவன் மாற்றவில்லை.
இன்னும் இழுத்தான்,
நான் ஒருநாளும் போகத் துணியாத உச்சிக்கு.
அங்கே அதற்கு இன்னொரு குரல் இருந்தது.
என் குழாய்தான். என் பற்றுகள்தான்.
நான் கேட்டிராத குரல்.
பிறகு மூன்று. சுத்தமாக விழுந்தது.

ஹெல்மெட்டைக் கழற்றியபடி சொன்னான்,
'நடுவில் ஒன்றும் இல்லையே.'

விலையில் ஐம்பது குறைத்தான், விட்டேன்.
சரி, ஏன் விற்கிறாய்?
உண்மை எளிதாகத்தான் இருந்தது.
வண்டி முடிந்துவிட்டது.
இறுக்க ஒரு போல்ட் இல்லை, தேய்க்க ஒரு பிசிறு இல்லை,
போன வெள்ளி துணியை வைத்துக்கொண்டு
துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தேன்.
இதை எந்த பாஷையில் சொல்வது.
'கலாஸ்' என்றேன்.
பேரம் முடிந்ததென்று எடுத்துக்கொண்டு
அவன் கையை நீட்டினான்.

ஞாயிறு காலை முல்க்கியாவில் பெயர் மாறியது.
ரூவிக்குத் திரும்ப ஒரு பழைய கொரோலா டாக்ஸி,
மடியில் ஹெல்மெட்.
கண்ணாடி வழியே பார்த்துவிட்டு
'விபத்தா?' என்றார் ஓட்டுநர்.
இல்லை என்றேன்.
ரவுண்டபவுட் தாண்டி அவர்
மூன்றாம் கியருக்குப் போனார்.
ரொம்பச் சீக்கிரம்.